அம்பாசிடரின் இடது பக்கக் கதவு

என் வீட்டுக்காரர் அருணாச்சலத்திடம் எங்கள் பெண் ப்ரீத்தி எந்த வருஷம் பிறந்தாள் என்று கேளுங்கள். மோட்டுவளையைப் பார்ப்பார், விரல் விடுவார், கடைசியில் என் முகத்தைப் பார்ப்பார். அம்பாசிடர் மார்க் ஃபோர் இன்ஜின் எத்தனை சி.சி. என்று கேளுங்கள். கேட்டு முடிக்கும் முன்னே "ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்பது" என்று வந்து விழும். அதோடு விடுவாரா? நீளம் பதினாலு அடி, சக்கரம் பதினஞ்சு இஞ்ச், பின்னால் பட்டை ஸ்பிரிங் என்று நீங்கள் எழுந்து போகும்வரை சொல்வார். பெண்டாட்டிக்கு எந்த முழங்காலில் வலி என்று கேட்டால் மட்டும் தெரியாது.

அம்பாசமுத்திரத்துக்காரர். வேலை தேடி பூனாவுக்கு வந்து, ஆகுர்டியில் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தார். வருகிற உதிரி பாகத்தை அளந்து பார்ப்பது, மயிரிழை கூடினாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுவது, இதுதான் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. ரசம் ரிஜெக்ட். நான் எடுத்த திரைச்சீலை ரிஜெக்ட். மாப்பிள்ளை கோகுல்நாத் எலெக்ட்ரிக் கார் வாங்கி வந்து காட்டினான், வாசலிலேயே ரிஜெக்ட். "சத்தம் வராத வண்டி வண்டியா? மிக்ஸிக்குக்கூட சத்தம் இருக்கு" என்றார் பாருங்கள், பாவம் அந்தப் பையன் முகம் செத்துவிட்டது. இத்தனையையும் தள்ளிய மனுஷன் உலகத்தில் ஒன்றே ஒன்றைப் பாஸ் பண்ணினார். அது ப்ரீத்தி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் யாரோ ஆபீசர் ஓட்டித் தேய்த்துக் கொடுத்த வெள்ளை அம்பாசிடர்.

அந்தத் தேரில் என் இடம் முன் சீட்டில் இடது பக்கம். வாங்கிய வருஷமே அந்தக் கதவின் உள்கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அடுத்த மாசம் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியும் போனது. அன்றிலிருந்து கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். எங்கள் வீடு இருக்கிற நிக்டியிலிருந்து பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, விஷ்ராந்த்வாடியில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, இவர் இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்து, பானெட்டைத் தடவிக் கொடுத்து, அப்புறம் ஞாபகம் வந்தால் சுற்றி வந்து எனக்குத் திறந்து விடுவார். மே மாச வெயிலில் மூலையிலிருக்கிற முக்கோணக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். ரிப்பேர் செய்யச் சொன்னால், "உள்ள இருந்து திறக்க முடியாதது ஒரு சேஃப்டி, ஏட்டி. ஓடுத வண்டியில கதவு திறந்துக்கிட்டா என்ன செய்வ?" என்பார். இதையும் அம்பாசிடரின் நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்து வெளியாட்களிடம் சொன்னார் என்றால் நம்புவீர்களா? சொன்னார்.

அதைக் கேட்டு மறுத்துப் பேச எதிர் வீட்டில் ஒருத்தர் வேண்டுமே. இருந்தார். ஷேக் முகைதீன் பாய், மேலப்பாளையம். ஆகுர்டியில் பலசரக்குக் கடை. இட்லி அரிசி, பனங்கருப்பட்டி, அப்பளம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அவரிடம் ஒரு பிரீமியர் பத்மினி, பாலாடை நிறம். தாமிரபரணித் தண்ணீர் குடித்த இரண்டு பேரை ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் குடிவைத்து, ஆளுக்கொரு பழைய காரையும் கொடுத்த கடவுளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பானெட்டும் திறந்துவிடும். பக்கத்து மராட்டிக்காரர்கள் காலாற நடக்கப் போவார்கள், பால் வாங்கப் போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"வே பாய், உம்ம பத்மினிக்கு எத்தனை குதிரை சக்தி? நாப்பது. என் வண்டிக்கு அம்பது."

"அம்பது குதிரையும் எதை இழுக்குது அண்ணாச்சி? ஆயிரத்து நூறு கிலோ தகரத்த. என் வண்டி தொள்ளாயிரத்த தொடல. கணக்குப் போட்டுப் பாரும், அப்பத் தெரியும்."

"இன்ஜின் ஆயிரத்து எம்பத்தொம்பது சி.சி.ய வச்சிக்கிட்டு கணக்கு பேசுதீரோ? நானூறு சி.சி. கம்மி வே. ஒரு மோட்டார் சைக்கிளே காணோம்."

"காணாம போனது பெட்ரோல் செலவு. நீரு லிட்டருக்கு ஒம்பது ஓட்டுதீரு, நான் பன்னெண்டு ஓட்டுதேன்."

ஓட்டுகிறாராம்! பாய் அந்த வண்டியை ஓட்டிப் பல வருஷம். ஒருமுறை குடியிருப்பு கேட்டில் கொண்டுபோய்ச் சொருகியதிலிருந்து சாவி அவர் மனைவி ஜொஹ்ரா அக்காவிடம். கடைக்குச் சரக்கு எடுப்பதிலிருந்து பேரப்பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிப்போவதுவரை அக்காதான் ஸ்டீரிங். பாய் பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேச்சில் மட்டும் எல்லாமே 'நான்'.

அந்தக் குதிரைக் கணக்கை ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே போனில் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து நூறை ஐம்பதால் வகுத்தாலும், தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானதை நாற்பதால் வகுத்தாலும், குதிரைக்கு இருபத்திரண்டு கிலோ சொச்சம். இரண்டும் ஒன்றுதான். வாசலுக்குப் போய்ச் சொன்னேன். இவர் என்னைப் பார்த்து, "காப்பி ஆச்சா?" என்றார். பாய், "எனக்குச் சீனி கம்மியா" என்றார். அதற்குமேல் அந்த வாசலில் எனக்கென்ன வேலை?

இப்படியே செத்துப்போகும்வரை பேசியிருப்பார்கள், நானும் திட்டிக்கொண்டே காப்பி போட்டிருப்பேன். போன வருஷம் தசரா வந்தது.

இந்த ஊரில் தசராவுக்கு வண்டிகளைக் கழுவிக் கேந்திப்பூ மாலை போடுவார்கள். நாங்கள் நம் வழக்கப்படி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்போம். பழம் வைக்கிற வேலையை என் வீட்டுக்காரர் இன்னொருத்தரைத் தொட விடமாட்டார். நாலு பழமும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும். அதற்கு ஒரு குனிவு, ஒரு கோணப் பார்வை. பாயும் வருஷா வருஷம் சுண்டலுக்காக வந்து நிற்பார். அன்று இவர் வண்டியை எடுத்தார். மூன்று பழம் நசுங்கியது. வலது முன் சக்கரத்துப் பழம் ஒரு சாண் தள்ளி முழுசாக உட்கார்ந்திருந்தது. அவர் வைத்த இடமே அதுதான். நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

"நாலும் நசுங்கிச்சாட்டி?" என்று உள்ளிருந்து ஒரு கெத்தான கேள்வி.

"மூணுதான். வலப்பக்கத்துப் பழம் தள்ளிக் கெடக்கு."

"நீ காலால தள்ளியிருப்ப."

பாய்க்கு லட்டு கிடைத்த மாதிரி ஆனது. "ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கத் தெம்பில்லாத வண்டிக்கு அம்பது குதிரையா வே?" என்றார். உடனே டயர் பேச்சு ஆரம்பம். பதினைந்து இஞ்ச் டயரா, பதினாலு இஞ்ச் டயரா, எது தரையில் நன்றாகப் பதியும்? நான் அந்தப் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். வலது பக்கம் வைத்த காப்பி டம்ளரை இவர் தட்டி விடுவதும், வலது கேட் தூணில் வண்டியை உரசிவிட்டுத் தூணைத் திட்டுவதும் வரிசையாக ஞாபகம் வந்தது.

மூக்குக் கண்ணாடியின் கொக்கி போயிற்று என்று சாக்குச் சொல்லி நிக்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரன் மெஷினில் பார்த்தான், மறுபடி பார்த்தான், அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னான்: "ஆன்ட்டி, கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறிக் கிடக்கு. வலது கண் அநேகமா போயிட்டுது. இடது கண்ணும் ஆரம்பிச்சிருக்கு. பெரிய டாக்டர்கிட்ட காட்டினா இதையாவது காப்பாத்தலாம். தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அழுதேன்கூட. மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "அவன் மெஷினுக்குக் காலிபரேஷன் சரியில்லை. ரிஜெக்ட்."

ப்ரீத்தி போன் பண்ணி, தெரிந்த தமிழில், "அப்பா, ப்ளீஸ் பா, கண் டெஸ்ட் பண்ணு பா" என்று கெஞ்சினாள். அவளுக்கு அம்பாசிடர் முன் கண்ணாடியின் அகலத்தைச் சொன்னார். எனக்கு அவர் மனசு தெரியாதா? டாக்டரிடம் போனால் சாவியைக் கீழே வை என்பார்கள். சாவியைக் கீழே வைத்தால் வண்டியை விற்க வேண்டும், இல்லை உடைக்கக் கொடுக்க வேண்டும். அப்புறம் தெருவில் பத்மினி மட்டும் நிற்கும். கண் போனால் போகட்டும், பத்மினியிடம் தோற்கக் கூடாது! இந்த அறிவை எந்தக் கோயிலில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

வண்டி ஓட்டுவதையாவது நிறுத்தினாரா? இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வலப்பக்கம் ஆட்டோ, ஸ்பீட் பிரேக்கர் வருது, பால்காரன், பாத்து" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாவிட்டால் இடிப்பார். சொன்னால், "எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஜொஹ்ரா அக்காவிடம் போய்க் கொட்டினேன். அக்கா அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள்.

"அழுது என்ன புள்ள ஆகப்போகுது? அந்த மனுசன் கண்ணத் தொறக்க வைக்க ஒன்னால முடியாது. ஒங்கையில ஸ்டீரிங் இருந்தா முடியும். நாளைக்கு வா, கத்துத் தாறேன்."

"ஒங்களுது பத்மினி, அக்கா. எங்க வீட்டுல நிக்கிறது அம்பாசிடர். ரெண்டுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்னு தெனம் சொல்லுதாங்களே."

அக்கா சிரித்த சிரிப்பில் கடைப்பையன் திரும்பிப் பார்த்தான். "அல்லாவே! ரெண்டுலயும் கியர் கம்பி ஸ்டீரிங்குலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டுலயும் நாலு கியர். ரெண்டும் பழைய இரும்பு. வா புள்ள."

பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆகுர்டிக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் எடுத்தேன். பஜனைப் பாட்டு ஒன்று பாடு என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

இந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு சவால் வந்தது. எந்த வண்டி மலை ஏறும் என்று பேச்சு முற்றி, இரண்டு வண்டியும் சிங்ககட் கோட்டைக்கு ஏறுவது, எந்த ரேடியேட்டர் முதலில் கொதிக்கிறதோ அந்த வண்டிக்காரர் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வளைவு வளைவாகச் செங்குத்தாக ஏறுகிற சாலை அது. ஒரு கண்ணோடு!

"நான் வரமாட்டேன்" என்றேன்.

மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. நான் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது என்று அவருக்கே தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்வாரா? "துணைக்கு ஆளு வேணும்லா. தண்ணி ஊத்த" என்றார்.

"வாறேன். அம்பாசிடர் தோத்தா மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு வரணும். பெருமாள் மேல சத்தியம் பண்ணுங்க."

"தோத்தாத்தானே?" என்று சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார். அம்பாசிடர் தோற்கட்டும் என்று நான் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். நான் உட்கார்ந்து போகிற வண்டி தோற்க நானே வேண்டிக்கொண்டேன். யார் செய்வார்கள் இதை?

கூட்டம் இருக்காது என்று செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். முன்னால் ஜொஹ்ரா அக்கா ஓட்ட பத்மினி, பின்னால் நாங்கள். கடக்வாஸ்லா அணை தாண்டி மலையடிவாரம்வரை என் தொண்டை வற்றக் கத்திக்கொண்டு வந்தேன். ஏற்றம் ஆரம்பித்ததும் இவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "இழுவையப் பாத்தியா? ரெண்டாவது கியர்லயே ஏறுது. பாய் வண்டி இந்நேரம் முதல் கியருக்கு வந்திருக்கும்." பத்மினி கண்ணுக்கே தெரியாமல் மேலே போய்விட்டது. அதைப் பற்றிப் பேச்சில்லை.

வலது பக்கமாகத் திரும்புகிற ஒரு வளைவு. மேலேயிருந்து ஒரு அம்மாள் தலையில் தயிர்ச் சட்டிக் கூடையோடு இறங்கி வந்தாள். எங்களுக்கு வலது ஓரமாகத்தான் வந்தாள். இவர் பாட்டுக்கு அவள்மேலேயே வண்டியை ஒடிக்கிறார்.

"ஏங்க, ஆளு! வலப்பக்கம் ஆளு! பிரேக்க மிதிங்க!"

மிதித்தார். முட்டுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அந்த அம்மாள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பானெட்டில் ஓங்கித் தட்டினாள். "டோளே ஃபுட்லே கா ரே?" என்று கத்தினாள். கண் அவிஞ்சு போச்சாடா என்று அர்த்தம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம், அவ்வளவு மராட்டி எங்கள் இரண்டு பேருக்கும் புரியும். அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

இவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கிளட்சை விட்டார், வண்டி பின்னால் உருண்டது, மறுபடி பிரேக். இரண்டு தடவை இப்படி. பின்னால் பள்ளத்தாக்கு.

"கிளட்ச் பிளேட் சரியில்லட்டி. சறுக்குது" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"ஹேண்ட் பிரேக்க இழுத்து வச்சிட்டு இறங்குங்க" என்றேன்.

"இறங்கி?"

"இறங்குங்கன்னு சொல்லுதேம்லா!"

என் குரலில் என்ன இருந்ததோ, இறங்கினார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி அந்த நீளச் சீட்டில் நகர்ந்து ஸ்டீரிங்குக்குப் போனேன். அவர் சுற்றி வந்து இடது கதவை வெளியிலிருந்து திறந்து, என் இடத்தில் உட்கார்ந்து, படாரென்று சாத்திக்கொண்டார். "ஏட்டி, இது வெளையாட்டு இல்ல. இது அம்பாசிடர்" என்றார்.

முதல் கியர் போட்டேன். அக்கா சொன்னபடி கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னுக்கு இழுக்கிற நேரம் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஏறியது. அடப்பாவிகளா, எத்தனை ஞாயிற்றுக்கிழமை! பத்மினியில் கற்றவள் அம்பாசிடரை மலை ஏற்றுகிறாள். கியர் கொஞ்சம் முரடு, ஸ்டீரிங் கொஞ்சம் கனம். அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேலே போனால் பத்மினி எங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. முகத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக்கொண்டிருக்கிறது. பாய் காலையில் ரேடியேட்டர் மூடியைப் பளபளவென்று துடைத்துவிட்டுச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறார், வழியெல்லாம் தண்ணீர் வடிந்திருக்கிறது. எங்கள் வண்டி அசையாமல் நின்றது. துளிகூட ஆவி இல்லை. என் நேர்த்திக்கடனைச் சாமி அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது.

நான் போய் இடது கதவைத் திறந்துவிட்டதுதான் தாமதம், இறங்கிய மனுஷனுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "பாத்தீரா வே! கொதிக்கல. ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்பது!"

"பொறும் அண்ணாச்சி. ஓட்டி வந்தது நீரு இல்ல. தங்கச்சி ஓட்டினா. பொம்பள ஓட்டினது கணக்குல வராது."

"உம்ம வண்டிய யாரு ஓட்டினா?"

பாய் யோசித்தார். "சரி. ரெண்டு பக்கமும் பொம்பளதான். அப்ப அதக் கணக்குல எடுக்க வேண்டாம்."

"எடுக்க வேண்டாம். இன்ஜின்தான வே ஏறுது, ஆளா ஏறுது?"

அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். ஜொஹ்ரா அக்கா வெங்காயத்தில் போட்ட காந்தா பஜியை என் கையில் கொடுத்து, "தின்னு. இதுகள விடு" என்றாள். இவர் பஜியை மென்றுகொண்டே என்னிடம் வந்து காதோடு சொன்னார்: "ஜெயிச்சாச்சு. அப்ப ஆஸ்பத்திரி கிடையாது. சத்தியம்னா சத்தியம்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கோட்டைச் சுவரிலிருந்து பிடித்துத் தள்ளியிருப்பேன். ஒரு தயிர்க்காரி உயிர் தப்பிப் போய் அரை மணி ஆகவில்லை. மீசையெல்லாம் மண், ஒட்டவில்லை என்கிறார்.

"சரி, கிளம்புவோம்" என்றேன்.

சாவி என்னிடம்தான் இருந்தது. அவரே சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார், இறக்கத்தில் ஓட்ட அவருக்கும் பயம்தான். வழியெல்லாம் வெற்றிப் பேச்சு. புறவழிச்சாலையில் வாக்கட் தாண்டி நான் வலது பக்கம் ஒடித்தபோதுதான் பேச்சு நின்றது.

"நிக்டிக்கு நேரால்லா போணும்?"

சிஞ்ச்வட்டில் கண் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றேன்.

பலகையைப் படித்துவிட்டார். அது இடது பக்கம் இருந்தது. "ஏட்டி, நான்தான் ஜெயிச்சேன். சத்தியம் என்னாச்சு?"

"உங்க சத்தியம் உங்களோட. வண்டி ஓட்டினவ நான். எங்க நிறுத்தணும்னு நான்தான் சொல்லுவேன்."

இறங்கப் பார்த்தார். இடது கதவில் கை தேடியது. கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடியை இறக்கத் தேடினார், அங்கேயும் ஓட்டை. என் பக்கம் நகர்ந்தார். கியர் கம்பி வயிற்றில் இடித்தது, மீறி வந்தாலும் கதவில் நான். திரும்பவும் நகர்ந்து என் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார். உள்ளே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முக்கோணக் கண்ணாடியைத் திறந்து அதில் மூக்கை வைத்துக்கொண்டார்.

"கதவத் தொறட்டி. புழுங்குது."

"புழுங்கும். எனக்குத் தெரியும்."

போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டான், பேஷண்ட் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் அந்த முக்கோணக் கண்ணாடி வழியாக அவர் குரல் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை. நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"லலிதா. அன்னைக்கு அந்த நாலாவது பழம்... நீ தள்ளல. எனக்கு வச்ச இடமே தெரியல. சக்கரமும் தெரியல. ஒரு குத்துமதிப்புலதான் வச்சேன்."

"எனக்குத் தெரியும்."

"இன்னைக்கு அந்தப் பொம்பளையும் தெரியல. ஒண்ணுமே தெரியலட்டி. கூடையாவது தெரியணும்லா?" மனுஷன் அழுதார். "உள்ள போனா ரெண்டாவது கண்ணும் போயிட்டுன்னு சொல்லிட்டான்னா?"

திட்டுவதற்கு என்னிடம் ஒரு வருஷத்துச் சரக்கு இருந்தது. கதவைத் திறந்து கையைப் பிடித்து இறக்கினேன்.

டாக்டர் சின்னப் பெண். பார்த்தாள், எழுதினாள், சொன்னாள். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைப் பிடித்து நிறுத்தலாம், தினமும் மருந்து விட வேண்டும், ஒருநாள்கூடத் தவறக் கூடாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் வலது கண்ணிலும் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்திருக்கும் என்றும் சொன்னாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது, அந்த வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட எனக்கு மனசில்லை. அவரும் போடவில்லை.

வண்டி விற்கவில்லை, உடைக்கவும் கொடுக்கவில்லை. நான் ஓட்டுகிறேன். மருந்து நான் விடுகிறேன். இடது கண் நிற்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த வாரமே காய் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், வாசலில் அம்பாசிடரின் இடது பக்கக் கதவு பிரித்துக் கிடக்கிறது. இவர் பழைய சாமான் சந்தையிலிருந்து புதுக் கைப்பிடி இரண்டு வரவழைத்து, அந்த ஒற்றைக் கண்ணைக் கிட்டே வைத்து, தானே திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார். பாய் பக்கத்தில் நின்று, பத்மினியின் கைப்பிடிகள் ஒருநாளும் கழன்றதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முடுக்கி முடித்து உள்ளே உட்கார்ந்து, உள்ளிருந்தே கதவைத் திறந்து, மூடி, திறந்து காட்டினார். கண்ணாடியையும் இறக்கிக் காட்டினார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

ப்ரீத்தி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர் உட்கார்ந்து ஒரு வாரம் ஆகவில்லை.

"பாஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.